மாமிக்குப் படித்துக் காட்ட வேண்டாம்

1

இதைப் படிப்பவர்களில் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் யாராவது இருந்தால் முதலில் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த கட்டடம் ஒன்றில், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில், இடுப்பெலும்பு முறிந்து தேறிய ஒரு மாமி தனியாக இருந்தால், இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம். பெயர்களை மாற்றிவிட்டேன். தெருவைச் சொல்லப்போவதில்லை. மாமிக்குக் கண் மங்கிவிட்டதால் தானாகப் படிக்க முடியாது. ஆனால் யாராவது வாசித்தால் ஒரு எழுத்து விடாமல் கேட்பார். கேட்டுவிட்டுக் கேள்வியும் கேட்பார்.

இந்த வாரம் என் அம்மாவின் முதல் திதி. திருநெல்வேலியில் மாமா கொடுத்தார். நான் இங்கே, ஜெர்மனியில், போலந்து எல்லைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நகரத்தில், வழக்கம்போல் அலுவலகம் போனேன். கார்களுக்குள் இருக்கும் மின்னணுப் பலகைகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று முதலிலேயே பட்டியல் போட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்போம். அந்தப் பழக்கம் வீட்டு விஷயங்களுக்கும் தொற்றிவிட்டது. தனியாக இருக்கும் அம்மாவுக்கு என்னென்ன ஆகலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். சர்க்கரை கூடுவது, குளியலறையில் வழுக்குவது, அடுப்பை அணைக்க மறப்பது. தண்ணீர் லாரி அதில் இல்லை.

2

சனிக்கிழமை காலையில் நான் ஒரு குழுவோடு ஓடுகிறேன். சும்மா ஓடுவதில்லை. ஓடிப் போக வேண்டும், போன இடத்தில் யாருக்காவது ஒரு வேலை செய்து கொடுக்க வேண்டும், ஓடித் திரும்ப வேண்டும். ஒரு வாரம் பள்ளித் தோட்டத்தில் உரமண் அள்ளுவோம். இன்னொரு வாரம், படி ஏற முடியாத யாரோ ஒருவரின் நிலவறையிலிருந்து பழைய சாமான்களை வெளியே சுமந்து வருவோம். வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் பிர்கிட் என்ற பெண்மணி. மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தால் போதும் என்றார். எனக்கு மண்வெட்டியும் பிடிக்கத் தெரியாது என்பது போன பிறகுதான் தெரிந்தது.

அம்மாவிடம் இதைப் போனில் சொன்னேன். அப்பா தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். திருமணமாகி அவரோடு சென்னைக்கு வந்த அம்மா, கடைசிவரை திருநெல்வேலிப் பேச்சை விடவில்லை.

"எல்லாரும் ஓடிப் போயி மண்ணு அள்ளுதியளா?"

"ஆமாம்மா."

"சம்பளம் உண்டா?"

"கெடையாது."

"சாப்பாடு?"

"டீயும் கேக்கும் குடுப்பாங்க."

"நல்லாருக்கு. இதுக்கா உன்னிய இன்ஜினியருக்குப் படிக்க வச்சோம்?"

கிண்டல் செய்தாளே தவிர, மறுநாள் காலை நாகேஸ்வரராவ் பூங்காவில் அதை அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறாள். அப்பா போன பிறகு அவள் ஒழுங்காகப் போன ஒரே இடம் அந்தப் பூங்காதான். அங்கே தினமும் காலையில் பெண்கள் சிலர் சேர்ந்து உடற்பயிற்சி செய்வார்கள். சேலையோ சுடிதாரோ, காலில் மட்டும் எல்லோருக்கும் ஷூ. முன்னால் நின்று எண்ணிக்கை சொல்பவர் ஸ்டெல்லா மிஸ். சாந்தோம் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சொன்னதை அம்மா சொல்லக் கேட்டுவிட்டு அவர் சொன்னாராம்:

"டெய்லி கையத் தூக்கு, எறக்குன்னு வெறுங்காத்தத் தூக்கினு கீறோம். அதுக்கு யாருக்குனா ஒரு பையத் தூக்கினு போனா இன்னா?"

அன்றிலிருந்து பூங்காப் பயிற்சி பூங்காவில் முடியவில்லை. மாடியை விட்டு இறங்க முடியாதவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேர் என்பது தேடத் தொடங்கிய பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. ஆளுக்கு ஒரு வீடு என்று பிரித்துக்கொண்டார்கள். பாலும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு படியேற வேண்டும். மேலே இருப்பவரை எழுப்பி நிறுத்திப் பயிற்சி செய்ய வைக்க வேண்டும். "மேல கீறவங்க வேர்த்தாத்தான் உங்க கணக்கு முடிஞ்சுது" என்பது ஸ்டெல்லா மிஸ்ஸின் சட்டம்.

அம்மாவுக்குக் கிடைத்தது கோமளா மாமி.

3

மாமி குளியலறையில் விழுந்து, அறுவை சிகிச்சை முடிந்து, நாற்காலியோடு நாற்காலியாகிப் போயிருந்தவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. பெங்களூரில் அண்ணன் மகன் ஒருவர். நடக்க முடியாமல் போனால் சேர்த்துவிடலாம் என்று செங்கல்பட்டுப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தை அவர் பார்த்து வைத்திருந்தார். மாமிக்கு அது தெரியும். மயிலாப்பூரிலேயே பிறந்து, மயிலாப்பூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். செங்கல்பட்டு அவருக்கு வெளிநாடு.

அம்மா அவரை வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நிற்க வைப்பாள். குதிகாலைத் தூக்கு, இறக்கு. பிறகு நடைவழியில் பக்கத்து வீட்டுக் கதவு வரை நடை. போனில் எனக்கு இதெல்லாம் நேரடி வர்ணனையாக வரும். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே நடப்பார்கள்.

"கால் வலிக்கறதுடி வசந்தா. இன்னிக்கு இது போறும்."

"செங்கல்பட்டுல போயி ஒக்காந்துக்கிடுங்க மாமி. அங்க யாரும் நடக்கச் சொல்ல மாட்டாவ."

மாமி பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பாராம்.

அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ள நான் முயன்றேன். பார்வையாளர் விசாவுக்கு வேண்டிய காகிதங்களைப் பட்டியலிட்டு அனுப்பினேன். வங்கி அறிக்கை, காப்பீடு, நான் அவளைத் தாங்குவேன் என்று இந்த ஊர் அலுவலகத்தில் நான் எழுதிக் கொடுக்க வேண்டிய உறுதி. அம்மா ஒன்றையும் வாங்கி வைக்கவில்லை. "அங்க வந்து நான் யாருகூட நடக்க?" என்றாள்.

இப்படிப்பட்ட குறிப்புகளில் பிள்ளைகள் விலகிப் போவதைப் பற்றிப் பெற்றோர் எழுதுவதைத்தான் அதிகம் படித்திருக்கிறேன். நான் விலகிப் போன பிள்ளை. எங்கள் தரப்பில் சொல்ல அதிகம் இல்லை. முதலில் தினமும் பேசுவோம். பிறகு வார இறுதியில். பிறகு, அங்கே அவர்களுக்கும் வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வரும். அம்மாவுக்கு மாமி கிடைத்தபோது எனக்கு அந்த நிம்மதி வந்தது.

4

பூங்காப் பயிற்சி முடிந்து, அம்மா பால் பாக்கெட்டும் மாத்திரையும் வைத்த பையோடு மாமி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். அந்தத் தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி பின்னோக்கி வந்தது. அவ்வளவுதான்.

எனக்குத் தகவல் வந்தபோது இங்கே விடியவில்லை. என் குடியிருப்பு அட்டை காலாவதியாகிப் புதுப்பிப்புக்குப் போயிருந்தது. அது இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி நுழைய முடியாது. போய்வர ஒரு தற்காலிகச் சீட்டு தருவார்கள். அதற்கு முன்பதிவு வேண்டும். அவசரம் என்றால் அவசரத்துக்குச் சான்று வேண்டும். அம்மாவின் இறப்புச் சான்றிதழ், மொழிபெயர்ப்போடு. அம்மா அப்போது பிணவறையில் இருந்தாள். சான்றிதழ் வர இன்னும் நாளாகும் என்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கெட்டவள் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டாள். வருத்தப்பட்டுக்கொண்டே விதியை இன்னொரு முறை மெதுவாகப் படித்துக் காட்டினாள்.

அலுவலகத்தில் என் மேலாளர் எழுந்து நின்று என் கையைப் பிடித்து, இந்த ஊர் வழக்கப்படி அனுதாபம் சொன்னார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று மொழி வகுப்பில் சொல்லித் தரவில்லை. வார இறுதி வாழ்த்துக்குச் சொல்வதைப்போல "உங்களுக்கும் அப்படியே" என்று சொல்லிவிட்டேன். அவருடைய அம்மாவுக்கு என்ன வயது என்று எனக்குத் தெரியாது.

அம்மாவை எரித்ததை நான் போனில் பார்த்தேன். போனைப் பிடித்திருந்தவர் ஸ்டெல்லா மிஸ். எங்கள் வழக்கத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. பூங்காப் பெண்கள் எல்லோரும் போயிருந்தார்கள். போன் ஆடும்போதெல்லாம் தரையில் ஷூக்கள் தெரிந்தன. யாரோ ஒரு பெரியவர் "லேடீஸ்லாம் அந்தாண்ட இருங்கம்மா" என்றார். "அவங்க எங்ககூட டெய்லி நடந்தவங்க சார். இங்க வரைக்கும் நடந்து வந்துட்டுப் போறோம்" என்றது ஸ்டெல்லா மிஸ்ஸின் குரல்.

5

நான் சென்னை போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. விமான நிலையத்துக்கு ஸ்டெல்லா மிஸ் வந்திருந்தார். டாக்சியில் ஏறியதும் முதலில் சொன்னது இதுதான்:

"நித்யா, உனக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்குது. தெரிஞ்சுக்கோ."

"எனக்கா?"

"மாமிகிட்ட அப்பிடித்தான் சொல்லிகீறேன். அப்பெண்டிக்ஸ் வெடிச்சுருச்சு, பொண்ணு ஆஸ்பத்திரில கீது, விசா உடனே வந்துச்சு, உங்கம்மா அன்னிக்கே ஃப்ளைட் ஏறிட்டாங்கன்னு."

"ஏன் மிஸ்?"

"பின்ன இன்னான்னு சொல்றது? உங்களுக்குப் பால் வாங்கினு வந்தப்ப செத்துட்டாங்கன்னா? அந்தம்மா அப்புறம் அந்தப் பாலக் குடிக்குமா?"

காவலாளிக்கும் அக்கம்பக்கத்துக்கும் சமைக்க வரும் அம்மாளுக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். மாமியின் வீடு கட்டடத்தின் பின்பக்கம் பார்த்தது என்பதால் தெரு அவருக்குத் தெரியாது. பொய் நின்றுவிட்டது. அதன் விளைவுதான் யாரும் நினைக்காதது. மாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

அம்மாவுக்குப் பதிலாகப் படியேறிப் போன ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு அவர் கிரில்லைத் திறக்கவில்லை.

"அன்னிக்குத் தெருவுல ஒரே சத்தம். யாருக்கோ அடிபட்டுடுத்துன்னா. வசந்தா வர்ற நேரமாச்சேன்னு நான் வயித்துல நெருப்பக் கட்டிண்டு ஒக்காந்திருக்கேன். அவ என்னடான்னா ஜம்முனு ஏரோப்ளேன் ஏறிப் போயிருக்கா. அவசரம்னா அவசரம்தான், இல்லேங்கலை. படியேறி வந்து, மாமி போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நாழி ஆகும்? சொல்லிக்காமப் போறவா சகவாசமே எனக்கு வேண்டாம். பழக்கம் பண்ணிண்டு அப்பறம் காணாமப் போயிடுவேள். நீங்களும் போங்கோ."

எங்கள் ஊரில் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்லிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். போகிறேன் என்று சொல்லக் கூடாது, போய் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் போய் வா என்று சொல்ல வேண்டும். அதுவரை கால் வாசலைத் தாண்டாது. அதைச் செய்யாமல் போனவள் மனிதர்களை மதிக்காதவள். மாமிக்கு என் அம்மா அப்படிப்பட்டவளாகிவிட்டாள்.

நான் அங்கிருந்த நாட்களில் மாமியைப் பார்க்கப் போக முடியவில்லை. நான் ஜெர்மனியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். ஒரு காலை அந்தக் கட்டடத்தின் கீழே போய் நின்றுவிட்டு வந்தேன். தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. வேறு லாரியாக இருக்கலாம்.

6

நான் இங்கே திரும்பிய பிறகு ஸ்டெல்லா மிஸ் அழைத்தார். "மாமி நாற்காலிய விட்டு எழுந்திரிக்கிறதே இல்ல. கால் வீங்கிகீது. அந்த பெங்களூர் ஆளு அடுத்த மாசம் வராராம். நீ பேசு நித்யா."

பேசினேன். சனிக்கிழமை எங்கள் ஓட்டம் முடியும் நேரம் அங்கே மாமியின் மாலைக் காபி நேரம். சமைக்க வரும் அம்மாள் போனை ஸ்பீக்கரில் போட்டு வைப்பார்.

"வயித்து வலியெல்லாம் தேவலையா கொழந்தே?"

"தேவலை மாமி."

"உங்கம்மா எங்கே?"

"தூங்குறாங்க மாமி."

"இந்த நேரத்துலயா? அங்கே போய் சோம்பேறியாயிட்டாளா?"

நீங்கள் எழுந்து கிரில்லைப் பிடித்தால் அம்மாவிடம் சொல்வேன் என்றேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இங்கே மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையுறையைக் கழற்றி, நான் எண்ணிக்கை சொன்னேன். அங்கே மாமி குதிகாலைத் தூக்கி இறக்கினார். மாதக்கணக்கில் இது நடந்தது. இடையில் பெங்களூர்க்காரர் வந்தபோது மாமி கதவு வரை நடந்து காட்டினார். அவர் திரும்பிப் போய்விட்டார். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் எண்ணிக்கை போதாது. தினமும் ஒருவர் பக்கத்தில் நின்று நடத்த வேண்டும். ஸ்டெல்லா மிஸ்ஸுக்குக் கிரில் திறக்கவே இல்லை.

ஒவ்வொரு வாரமும் மாமி அம்மாவைப் பற்றிக் கேட்டார். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, முட்டி வலி குளிருக்கு அதிகமா, தனியாக வெளியே போகிறாளா. முன்னுக்குப் பின் முரண் வராமல் இருக்க, சொன்னதையெல்லாம் குறித்து வைத்தேன். அம்மாவுக்கு இரண்டு ஸ்வெட்டர் வாங்கினேன். ஒன்று பிடிக்கவில்லை. இட்லி மாவு புளிக்கவில்லை என்று ஹீட்டர் மேல் வைத்தாள். பிர்கிட்டுக்குத் திருநெல்வேலித் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள். பள்ளித் தோட்டத்தில் நாங்கள் உரம் போடும் லட்சணத்தைப் பார்த்து, ஜெர்மன்காரர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தானே மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"செய்வா, செய்வா" என்று மாமி சிரித்தார். "அவளுக்கு மத்தவா செஞ்சா பிடிக்காது."

அந்த வாரம் தோட்டத்தில் குனிந்து வேலை செய்யும்போது, வேலியோரப் பெஞ்சில் அம்மா உட்காரும் இடத்தில் யாரோ பையை வைத்துவிட்டார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

7

சாக்குகள் தீர்ந்தன. தூங்குகிறாள், குளிக்கிறாள், நடக்கப் போயிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை மாமி எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

"அவ பேசட்டும். பேசற வரைக்கும் நான் எழுந்துக்கப் போறதில்லை. அவளுக்கு என் முகத்துல முழிக்க வெக்கமா இருக்கு, எனக்குத் தெரியும்."

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் ஸ்டெல்லா மிஸ் சொன்னார், கால் மறுபடியும் வீங்கிவிட்டது, டாக்டர் இப்படியே போனால் படுக்கைதான் என்கிறார், பெங்களூருக்கும் சொல்லியாகிவிட்டது. "உண்மையச் சொல்லிரலாமா மிஸ்?" என்று கேட்டேன். "சொன்னா எழுந்து நடப்பாங்கன்னு நெனைக்கிறியா?" என்றார்.

இங்கே பனிக்காலம் தொடங்கியிருந்தது. எனக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. அந்தச் சனிக்கிழமை ஓடப் போகவில்லை. வீட்டிலிருந்தே அழைத்தேன். ஹலோ என்றேன்.

"வசந்தாவா?"

எங்கள் இருவர் குரலும் ஒன்று என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அப்பாவே ஏமாந்திருக்கிறார். அம்மா இல்லை, நித்யா என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமா மாமி. சொகமா இருக்கியளா?"

அந்தப் பேச்சை நான் ஒருபோதும் பேசியதில்லை. பள்ளியில் கிண்டல் செய்வார்கள் என்று சிறு வயதிலேயே விட்டுவிட்டேன்.

"ஏண்டி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? சொல்லிக்காமப் போயிட்டியேடி."

"அவசரமாப் போக வேண்டியதாப் போச்சு மாமி."

"ஒரு நிமிஷம் வந்துட்டுப் போகக் கூடாதா?"

"வந்தேன் மாமி. ஒங்க தெருமுன வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல வர முடியல."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. யாரோ ஓடிப் போய் அணைத்தார்கள்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"இருக்கா."

"அவளைப் பாத்துக்கோ. இங்கே வரணும்னு அலட்டிக்காதே. நான் ஸ்டெல்லாவை வரச் சொல்றேன். அவளும் உன்னை மாதிரி கத்துவா, கத்தட்டும்."

இதுதான் நேரம் என்று தெரிந்தது. அம்மாவோடு நான் கடைசியாகப் பேசியபோது "சரிம்மா, வைக்கிறேன், மீட்டிங் இருக்கு" என்று வைத்தேன். அவள் என்ன சொன்னாள் என்று காதில் வாங்கவில்லை.

"போயிட்டு வாரேன் மாமி" என்றேன்.

"போயிட்டு வா. க்ஷேமமா இரு" என்றார் மாமி.

8

மறுநாள் காலை கிரில் திறந்தது. மாமி இப்போது தினமும் நடக்கிறார். ஸ்டெல்லா மிஸ் பிடித்துக்கொள்ள, ஒரு மாடி இறங்கி ஏறுகிறாராம். செங்கல்பட்டுப் பேச்சு நின்றுவிட்டது. பூங்காப் பெண்கள் இன்னும் சில வீடுகளை எடுத்திருக்கிறார்கள். அந்தத் தெருமுனையை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

சனிக்கிழமை அழைப்பு தேவையில்லாமல் போய்விட்டது. முதல் இரண்டு வாரம் நான் அழைத்தேன். மாமி நன்றாகப் பேசினார். காலைப் பற்றிச் சொன்னார், ஸ்டெல்லா மிஸ்ஸின் அதிகாரத்தைப் பற்றிச் சொன்னார், என் உடம்பை விசாரித்தார். அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. சொல்லிக்கொண்டு போனவளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மூன்றாவது வாரம் நான் அழைக்கவில்லை.

இந்த வருடம் முழுவதும் மாமா, சித்தி, அலுவலகம், பிர்கிட் எல்லோரும் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டார்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர் மாமி ஒருவர்தான்.

இன்று சனிக்கிழமை. தோட்டத்தில் உரமண் இறக்கினோம். டீயும் கேக்கும் கொடுத்தார்கள். கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தேன், மணி பார்த்தேன், மாமியின் காபி நேரம். சொல்வதற்கு என்னிடம் ஒரு சேதி இருந்தது. அம்மா இந்த வாரம் முதல் முறையாகத் தனியாக டிராமில் ஏறினாள். இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறங்கிவிட்டாள்.